இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சொகுசுக் கார்: வாங்கலாமா?

கேள்வி: பதினோரு ஆண்டுகள் பழைய சொகுசு செடான் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் என எல்லாம் கொண்ட வண்டி. 2,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு புதிய சிறிய காரை வாங்கும் பணத்தைவிடக் குறைவாகவே கேட்கிறார்கள். 1,80,000 கிலோமீட்டர் வரை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பராமரித்த ரசீதுகள் முறையாக இருக்கின்றன. அதன்பின் 2,40,000 வரை ஒரு காகிதமும் இல்லை. 2,40,000இல் ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீது மட்டும் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் வெளியே பார்த்துக்கொண்டோம் என்கிறார் விற்பவர். எனக்குத் தெரிந்த மெக்கானிக் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜின் அருமையாக இருக்கிறது என்றார். சிறு வயதிலிருந்தே இந்தக் காரின் மீது எனக்கு ஆசை. சேமிப்பு முழுவதையும் போட்டால் வாங்கிவிட முடியும். இவ்வளவு ஓடிய வண்டியை வாங்குவது முட்டாள்தனமா? வாங்கினால், இப்போது வைத்திருக்கும் சிறிய காரை விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் ஆசையை முட்டாள்தனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பழைய கார்களை வாங்குவோருக்காகப் பரிசோதித்துச் சொல்வதே என் தொழில். நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு பெரிய சொகுசுக் கார், மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போதும், நேற்று வெளிவந்த பல புதிய வண்டிகளைவிட அமைதியாகவும் நிதானமாகவும் ஓடுவதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் இந்த வண்டியை, இப்போதுள்ள நிலையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் 2,60,000 என்ற எண் அல்ல. ரசீது இல்லாத அந்த 60,000 கிலோமீட்டர் முதல் காரணம். உங்கள் சேமிப்பு முழுவதும் வண்டியின் விலைக்கே போய்விடுகிறது என்பது இரண்டாவது காரணம். இரண்டுக்கும் தீர்வு கிடைத்தால் என் கருத்தும் மாறும்.

கிலோமீட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த இர்வ் கோர்டன் என்பவர் 1966ஆம் ஆண்டு வாங்கிய வோல்வோ பி1800எஸ் காரை, 2013இல் 30 லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர் என்ற அளவைத் தாண்டும்வரை தானே ஓட்டினார். அந்த வண்டிக்கு ஒரே உரிமையாளர். பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். நேரம் தவறாத பராமரிப்பு. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் புதுப்பித்துக்கொண்டார். இதைக் கேட்டதும் உங்களுக்கு உற்சாகம் வரும் என்று தெரியும்; ஆனால் அந்த வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் கிடையாது, டஜன் கணக்கான கணினிகள் கிடையாது, டீசல் புகை வடிகட்டி கிடையாது. இன்றைய சொகுசுக் காரில் இன்ஜின் தேய்ந்து போவதற்கு வெகுநாள் முன்பே அதைச் சுற்றியுள்ள ரப்பர், பிளாஸ்டிக், மின்னணுப் பாகங்கள் ஒவ்வொன்றாக ஆயுள் முடிந்து நிற்கும். உங்கள் மெக்கானிக் இன்ஜின் அருமை என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இந்த வயதில் இந்த வண்டிகள் உரிமையாளரைக் கடனாளி ஆக்குவது பெரும்பாலும் இன்ஜின் பிளாக்கால் அல்ல, அதைச் சுற்றி இருப்பவற்றால்.

கணக்குப் பார்த்தால் உங்கள் வண்டி ஆண்டுக்குச் சுமார் 23,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டீசல் வண்டிக்கு இது அதிகம் அல்ல. அது எப்படிப்பட்ட ஓட்டம் என்பதே முக்கியம். பல கார்களின் கட்டுப்பாட்டுக் கணினியில் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற பதிவு இருக்கும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் என்ற கருவியை வைத்திருப்பவர் அதை எடுத்துத் தருவார். 2,60,000 கிலோமீட்டரை 5,200 மணி நேரத்தில் ஓடியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வண்டி நெடுஞ்சாலையில் வளர்ந்தது என்று கொள்ளலாம். அதே தூரத்துக்கு 10,400 மணி நேரம் ஆகியிருந்தால் சராசரி 25தான். நெரிசலில் நின்று நின்று ஊர்ந்த வண்டி அது. ஓடோமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் இரண்டாவது வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் இருமடங்கு நேரம் உழைத்திருக்கின்றன. டீசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகை வடிகட்டியில் சேரும் கரியை எரித்து அகற்ற ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும், அதற்கேற்ற நீண்ட ஓட்டமும் வேண்டும். குறுகிய நகர ஓட்டத்தில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும், கரி அடைத்துக்கொள்ளும். மிஞ்சும் சாம்பல் எரிந்தும் போகாது; கிலோமீட்டர் ஏற ஏற அது நிரம்பிக்கொண்டே வரும். வடிகட்டியில் எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்ற மதிப்பீட்டையும் ஸ்கேனரில் கேளுங்கள்.

இனி அந்த 60,000 கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. வெளியே பார்த்துக்கொண்டோம் என்ற சொல்லை நான் பொய் என்று ஒதுக்கவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்ததும் பலர் தனியார் பட்டறைக்குத்தான் போகிறார்கள், அங்கேயும் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆயில் மாற்றினால் ஃபில்டர் வாங்கியிருக்க வேண்டும், ஃபில்டர் வாங்கியிருந்தால் எங்கோ ஒரு கணக்கு இருக்கும். விற்பவரிடம் கோபம் காட்டாமல், எந்தப் பட்டறை, யார் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். அந்தப் பட்டறைக்கு நேரில் போங்கள். உண்மையில் அங்கே வேலை நடந்திருந்தால் அந்த மெக்கானிக்குக் கார் நினைவிருக்கும். இவ்வளவு பெரிய வண்டியை எவரும் மறப்பதில்லை. பட்டறையின் பெயரே நினைவில்லை என்று விற்பவர் சொன்னால், இடையில் ஆயில் மாற்றப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலையைப் பேச வேண்டும், அல்லது விலகிவிட வேண்டும். நான் விலகிவிடுவேன்.

ஆயில் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் டைமிங் செயின், அதாவது இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். பிஎம்டபிள்யூவின் என்47, என்57 டீசல் இன்ஜின்களில் செயின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினையும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளையும் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கித்தான் ஆக வேண்டும். பாகத்தின் விலையைவிட அதைச் சென்று சேரும் கூலி பெரிது. மெர்சிடிஸ்-பென்ஸின் ஓஎம்642 என்ற வி6 டீசலில் ஆயில் கூலரின் ரப்பர் சீல்கள் காலப்போக்கில் கசிவது பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சீல் கையளவுகூட இல்லை, ஆனால் அது இருக்கும் இடம் இன்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, மேலிருக்கும் அத்தனையையும் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தில். சொகுசுக் கார்களின் செலவைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு உதாரணங்களே போதும். நீங்கள் பார்த்திருக்கும் காரில் எந்த இன்ஜின் என்று எழுதவில்லை. அதன் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அந்த இன்ஜினைத் தினமும் கையாளும் ஒருவரிடம், எது முதலில் போகும் என்று கேளுங்கள். கார் பிராண்டைப் பற்றிய பொதுப் பேச்சு இங்கே பயன்படாது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நெடுநாளாக இருக்கிறது. சில கார் நிறுவனங்கள் அதன் ஆயிலை வாழ்நாள் ஆயில் என்று எழுதிவிட்டார்கள். அதனால் சர்வீஸ் மையத்தில் தவறாமல் பராமரித்த வண்டியிலும் அந்த ஆயில் பிறந்த நாளில் ஊற்றியதாகவே இருக்கலாம். பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு அது குறைந்தது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். உங்களிடம் உள்ள 1,80,000 வரையிலான ரசீதுகளில் கியர்பாக்ஸ் ஆயில் என்ற வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகு, மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி ஒரே சீராகப் பிடியுங்கள். சொரசொரப்பான தளத்தில் உருள்வது போல ஓர் அதிர்வு உடலில் ஓடி மறைந்தால், இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் உள்கிளட்ச் நழுவுகிறது என்று சந்தேகிக்கலாம். நின்ற நிலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றுங்கள். ஒரு விநாடிக்கு மேல் யோசித்துவிட்டு உதையோடு விழுந்தால் அதுவும் நல்லதல்ல. பத்து நிமிட ஓட்டத்தில் இவை எதுவும் தெரியாது. குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்டுங்கள்.

இன்ஜினைப் பார்க்க வேண்டிய நேரம், அது முழுதாக ஆறியிருக்கும் காலை நேரம்தான். ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் முதலில் பானெட்டின் மீது உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால், யாரோ எதையோ உங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. ஸ்டார்ட் ஆனதும் முதல் சில விநாடிகளில் சங்கிலி உரசும் கலகலப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். ஆயிலின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். அதற்குப் பதிலாக, சிறு குப்பியில் ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதில் இரும்பு, செம்பு, ஈயத் துகள்கள் எவ்வளவு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறதா, டீசல் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் எண்களாக வந்துவிடும். ஆனால் நேற்றுதான் ஆயில் மாற்றினோம் என்றால் அந்த ஆய்வால் பெரிய பயன் இல்லை.

ஏர் சஸ்பென்ஷனை நீங்களே, எந்தக் கருவியும் இல்லாமல், ஓர் அளவு நாடாவை வைத்துச் சோதித்துவிடலாம். மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுக்குமிழிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறக்கும் முன்பே, அதே நான்கு அளவுகளை மீண்டும் எடுங்கள். சில கார்கள் கதவு திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். நான்கும் ஒன்றுபோலச் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் இரவுக் குளிரில் காற்று சுருங்கியதாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் இரண்டு விரற்கடை அமிழ்ந்திருந்தால் அங்கே கசிகிறது. அப்படிக் கசியும் காற்றுப் பையை மாற்றாமல் ஓட்டினால், இழந்த காற்றை நிரப்பக் கம்ப்ரஸர் ஓயாமல் இயங்கி அதுவும் ஒருநாள் எரிந்துபோகும். ஒரு பழுது இரண்டாவது பழுதைப் பெறுவது இப்படித்தான். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயது மட்டுமே தெரியும். பதினோரு ஆண்டில் இந்தக் காற்றுப் பைகள் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்றால், அவற்றின் விலையை இன்றைய செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் ஏமாற்றமும் அதிகம், உண்மையும் அதிகம். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. விற்பதற்கு முந்தைய நாள் பதிவுகளை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை சூடேறியது என்பதையும் பெரும்பாலான கார்களின் கணினி தனியாக எண்ணி வைத்திருக்கும். அந்த எண் 15 கிலோமீட்டர் என்று காட்டினால், என்ன அழிக்கப்பட்டது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்காக நான் பரிசோதித்த காரில் ஓடோமீட்டர் 1,30,000 என்று காட்டியது. உள்ளே போய் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கின் வலப்பக்கத் தோல் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது, பிரேக் மிதியின் ரப்பர் ஒரு மூலையில் தேய்ந்து உலோகம் எட்டிப் பார்த்தது. ஸ்கேனரைச் செருகினேன். கியர்பாக்ஸின் கணினியில் ஒரு பழைய கோளாறு பதிவாகியிருந்தது. அது நிகழ்ந்தபோது வண்டி ஓடியிருந்த தூரம் என்று எழுதியிருந்த இடத்தில் 2,10,000 இருந்தது. ஓடோமீட்டரைக் குறைத்தவர்கள் கியர்பாக்ஸின் நினைவைத் தொட மறந்துவிட்டார்கள். அருகில் நின்ற வாங்க வந்தவரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை; முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தார். நீங்கள் பரிசோதனை முடியும்வரை ஒரு காசும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் 2,60,000 என்பதை மறைக்காமல் காட்டுகிறார்கள் என்பதே, ஒரு வகையில், அதற்குச் சாதகமான விஷயம். ஆனாலும் அது உண்மையான எண்தானா என்று எல்லாக் கணினிகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

வேறு சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு சக்கரத்திலும் நான்கு வெவ்வேறு மலிவு நிறுவனங்களின் டயர் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே சிக்கனம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். உட்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் இருக்கைகளின் அடியில் தரைவிரிப்புக்குக் கீழே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கூரை ஜன்னலின் வடிகால் குழாய் அடைத்தால் நீர் அங்கே வந்து தேங்கும், பல கார்களில் மின்னணுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் அந்தத் தரையில்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டியின் நிறம் பழுத்து, இணைப்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் கசிவு உண்டு. அலுமினிய இன்ஜின் ஒருமுறை அதிகம் சூடேறினாலே அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும் என்பதால் இதைச் சிறிய குறையாக நினைக்க வேண்டாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு சொகுசுக் கார் பத்து ஆண்டுகளில் தன் விலையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அதன் பாகங்கள் எதையும் இழப்பதில்லை. நீங்கள் சிறிய காரின் விலைக்கு வாங்கினாலும், பழுதுபார்க்கப் போகும்போது அது புதிதாக வந்த நாளில் எந்த விலையோ அந்த விலைக்குரிய வண்டியாகத்தான் உங்கள் முன் நிற்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வார்களே, அந்தத் தீனிதான் கேள்வி. யானையின் விலை அல்ல. என்னிடம் வருவோருக்கு நான் சொல்லும் கணக்கு இது: கையிலிருக்கும் பணத்தை நூறு பங்காக வைத்தால், அறுபது, அதிகம் போனால் அறுபத்தைந்து பங்குக்குள் வண்டி வர வேண்டும். மீதி முதல் ஆண்டுக்கான பராமரிப்புக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் திரவம், கூலன்ட், எல்லா ஃபில்டர்கள், தேய்ந்த புஷ்கள் என அதில் ஒரு பகுதி கரைந்துவிடும். எஞ்சியதுதான் எதிர்பாராத பழுதுக்கு. சேமிப்பு முழுவதும் விலைக்கே போய்விட்டால் முதல் பழுதிலேயே வண்டி நின்றுவிடும், பணம் சேரும்வரை வெயிலிலும் மழையிலும் நின்று இன்னும் கெடும். பழுதுக்காகக் கடன் வாங்குவோரும் உண்டு, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் பார்த்த இதே மாடலில், எளிமையான, சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன் கொண்ட வகையும் விற்கப்பட்டிருக்கலாம். 3,00,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், கடைசிக் கிலோமீட்டர்வரை ரசீது உள்ள அப்படி ஒரு வண்டி கிடைத்தால், இந்த 2,60,000 வண்டியைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆகவே அடுத்து நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அந்த இடைப்பட்ட பட்டறை எது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், விற்பவருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத, அந்த நிறுவனத்தின் கார்களை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி முழுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கான கட்டணத்தை நீங்களே கொடுங்கள், அப்போதுதான் அறிக்கை உங்களுக்கானதாக இருக்கும். பரிசோதனைக்கே விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் வரும் ஒவ்வொரு குறைக்கும் பாகம், கூலி இரண்டையும் சேர்த்து மதிப்பு எழுதி, மொத்தத்தைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். கழித்த பிறகும் உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சவில்லை என்றால், இன்னும் ஓராண்டு சேமியுங்கள். இந்தக் கார்கள் ஓராண்டில் விலை ஏறுபவை அல்ல. காத்திருப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

உங்கள் சிறிய காரை விற்க வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பெரிய காரும் ஒரு பாகம் வரும்வரை பட்டறையில் இரண்டு மூன்று வாரம் நிற்க நேரிடும். வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாதபோதுதான் அவசரத்தில் கிடைத்த தரமற்ற பாகத்தைப் போட்டு ஓட்டிச் செல்லும் நிலை வருகிறது. பெரிய வண்டியை வாங்கினால், குறைந்தது முதல் ஓராண்டாவது சிறியதும் வீட்டில் இருக்கட்டும். ரசீதுகளில் கியர்பாக்ஸ் ஆயில் வரி இருந்ததா, பட்டறைக்காரர் என்ன சொன்னார் என்பதை இன்ஜின் குறியீட்டோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். அந்த இன்ஜினில் தனியாகப் பார்க்க வேண்டியவற்றை அடுத்த பதிலில் சொல்கிறேன்.